கம்பியின் நாடி பார்த்த டாக்டர்

இந்தியாவில் தந்தி போட்ட ஓஷானசியின் வரலாறு

திருவண்ணாமலை, செங்கம் சாலை. ரமணாசிரமம் இருக்கும் பகுதி. உள்ளூர்க்காரர்களோடு பல நாட்டவரும் வந்து தங்கும் இடம். கடல் கடந்து வந்தவர் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். கடைக்காரர் பணம் வாங்க வேண்டும். பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இன்று கம்ப்யூட்டரும் செல்போனும்தான்.

அந்த இணைப்பு திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் கம்ப்யூட்டரைத் தட்டுவார். ஒருவர் கம்பெனிக்காரனைத் திட்டுவார். இன்னொருவர் எல்லா வயரையும் பிடுங்கி மறுபடியும் சொருகுவார். விஷயம் தெரிந்த மெக்கானிக் வந்தால் இந்த மூன்றையும் செய்யமாட்டார். தகவல் எதுவரை போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்ப்பார். அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த முறை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. நம் நாட்டில் முதன்முதலாகத் தந்திக் கம்பி போட்ட காலத்திலேயே இது வந்துவிட்டது. அந்தக் கம்பியைப் போட்டவர் என்ஜினீயர் அல்லர். அவர் ஒரு டாக்டர். பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி.

காலராவும் உப்பும்

ஓஷானசி 1809-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் லிமரிக் என்னும் ஊரில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் படித்து, 1829-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு லண்டனுக்குப் போனார். அங்கே வைத்தியம் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதற்காக அவர் ஊர் திரும்பவில்லை. ரசாயனப் பரிசோதனைகள் செய்து கொடுத்துப் பிழைத்தார்.

1831-ல் இங்கிலாந்தில் காலரா புகுந்தது. சண்டர்லாந்து என்ற துறைமுகத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். காலையில் நடமாடியவர் மாலையில் பிணம். அந்தக் காலத்து வைத்தியர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்தார்கள். பேதிக்கு மருந்து கொடுத்தார்கள். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பை மேலும் வற்றவைத்தார்கள்.

22 வயது ஓஷானசி அந்த ஊருக்கே போனார். நோயாளிகளின் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார். இரத்தம் கெட்டியாகிக் கிடந்தது. அதில் இருக்க வேண்டிய தண்ணீரும் உப்புகளும் குறைந்திருந்தன. பேதியில் போனது தண்ணீரும் உப்பும்தான் என்று கண்டார். போனதைத் திரும்பக் கொடுத்தால் நோயாளி பிழைக்கலாம் என்று எழுதினார்.

மறு வருஷம், 1832-ல், ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைச் செய்து பார்த்தார். உப்புத் தண்ணீரை நரம்பு வழியே ஏற்றினார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் எல்லோரும் பிழைக்கவில்லை. காலராவும் தணிந்தது. வைத்திய உலகம் இந்த வழியை ஓரமாக வைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் அது தூசு படிந்து கிடந்தது.

ஓஷானசி இங்கே செய்தது என்ன? நோயின் பெயரைக் கேட்டதும் மருந்து கொடுக்கவில்லை. உடம்பில் எங்கே, எது குறைந்தது என்று அளந்து பார்த்தார். பின்னால் கம்பியிலும் அதையே செய்தார்.

கல்கத்தாவில் ஒரு வாத்தியார்

1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்திய உத்தியோகத்தில் சேர்ந்து ஓஷானசி கல்கத்தா வந்தார். 1835-ல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதில் அவர் ரசாயனப் பேராசிரியரானார். இந்நாட்டு மூலிகைகளை ஆராய்ந்தார். கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்து, 1839-ல் கட்டுரை எழுதினார். மேல்நாட்டு வைத்தியர்கள் அதன் பிறகே அதைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

பகலில் மாணவர்களுக்குப் பாடம். மற்ற நேரமெல்லாம் மின்சாரம். அப்பொழுது உலகத்துக்கே மின்சாரத் தந்தி புதிது. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்ற இருவர் 1837-ல்தான் அதற்கு உரிமை பெற்றிருந்தார்கள். அமெரிக்காவில் மோர்ஸ் தமது முதல் பெரிய தந்திப் பாதையை 1844-ல்தான் திறந்தார். ஓஷானசியோ 1839-லேயே கல்கத்தா தாவரத் தோட்டத்தில் மூங்கில்களை நட்டார். அவற்றின்மேல் இரும்புக் கம்பியை வரிசை வரிசையாகக் கட்டினார். கம்பியின் மொத்த நீளம் பல மைல்.

சேதியை எப்படிப் படிப்பது? அதற்கு ஒரு விசித்திரமான வழி வைத்திருந்தார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி ஓடும் இரண்டு கடிகாரங்கள். ஒரு முனையில் மின்சாரத்தை விட்டால், மறு முனையில் இருப்பவரின் விரலில் சுருக்கென்று அதிர்ச்சி தட்டும். அந்த நேரத்தில் கடிகார முள் எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுதான் எழுத்து!

ஹூக்ளி ஆற்றின் அடியிலும் கம்பியை விட்டார். தண்ணீர் பட்டால் மின்சாரம் கசிந்துவிடும். அதனால் கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்பால் மூடி, மேலே தார் தோய்த்த கயிற்றைச் சுற்றினார். கடைவீதியில் கிடைத்த சாமான்கள்தாம். சேதி ஆற்றைக் கடந்தது.

கம்பெனி அதிகாரிகள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. பத்து ஆண்டுகள் சும்மா போயின.

டல்ஹவுசியின் அவசரம்

1848-ல் டல்ஹவுசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். நாட்டு மன்னர்களின் ராஜ்யங்களை ஒவ்வொன்றாகக் கம்பெனியோடு சேர்த்தவர் அவர். பெரிய ராஜ்யத்தை ஆள வேண்டுமானால் உத்தரவு வேகமாகப் போக வேண்டும். அன்று கல்கத்தாவிலிருந்து தபால் ஓட்டக்காரர்கள் தலையிலும் குதிரை முதுகிலும் போனது. தூர நகரங்களுக்குச் சேதி போய்ச் சேரப் பல நாட்களாகும்.

1850-ல் ஓஷானசிக்கு உத்தரவு பிறந்தது. கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை சோதனையாக ஒரு பாதை போட வேண்டும். கப்பல்கள் வரும் வழி அது.

அவருக்குத் துணை நின்றவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். பாதை முடிந்ததும் டயமண்ட் ஹார்பரிலிருந்து முதல் சேதியைத் தட்டியவர் அவரே. பிற்காலத்தில் பல நீண்ட பாதைகளைப் போட்டார். பத்மா ஆற்றில் மீன்பிடி படகுகளை வைத்தே கம்பியை இறக்கினார். ஓஷானசியின் பெயர் தெரிந்தவர்களில் பலருக்கு நந்தியின் பெயர் தெரியாது. அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

எத்தனை எதிரிகள்!

சீமையில் மெல்லிய கம்பியைக் கட்டினார்கள். இங்கே அது நிலைக்குமா? குரங்குகள் ஏறி ஊஞ்சல் ஆடும். பருந்தும் கழுகும் கூட்டமாக உட்காரும். புயலில் மரம் முறிந்து விழும். மரக் கம்பத்தைக் கறையான் தின்னும். இடி இறங்கும்.

ஓஷானசி மெல்லிய கம்பியை விட்டுவிட்டார். விரல் பருமன் இரும்புக் கோலையே எடுத்துக்கொண்டார். குறுக்களவு ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பாகம். ஒரு மைல் நீளம் ஏறக்குறைய ஒரு டன் எடை! குரங்கு ஆடினாலும் அது அறாது. கம்பம் சாய்ந்து கீழே கிடந்தாலும் ஒடியாது. பருமனாக இருப்பதால் மின்சாரமும் தாராளமாக ஓடும்.

சில இடங்களில் கோலை மண்ணுக்குள் புதைத்தார். அதற்குச் சுற்றியது என்ன தெரியுமா? நமது சென்னைத் துணி! கீலில் தோய்த்த சென்னைத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஓட்டு வரிசையில் மணலும் குங்கிலியமும் காய்ச்சி ஊற்றி, அதற்குள் கோலைப் படுக்க வைத்தார்.

ஆற்றில் வேறு தொல்லை. கப்பலின் நங்கூரம் கம்பியைக் கொத்தி இழுத்துவிடும். அதற்குக் கனத்த இரும்புச் சங்கிலியைத் துணையாகக் கம்பியோடு இறக்கினார். கடலடிக் கேபிள்களை நங்கூரம் அறுக்கும் தொல்லை இன்றும் தீரவில்லை. சென்னைக் கரையில் ஏறும் இணையக் கேபிள்களுக்கும் அந்த ஆபத்து உண்டு.

1851-ல் பாதை வேலை செய்தது. 1852-ல் பர்மாவில் யுத்தம். ரங்கூன் பிடிபட்ட சேதியோடு கப்பல் ஹூக்ளியின் வாய்க்கு வந்தது. கப்பல் கல்கத்தா சேரும் முன்பே சேதி தந்தியில் வந்துவிட்டது. டல்ஹவுசி அசந்துபோனார். நாடு முழுவதும் கம்பி போடச் சீமையிலிருந்து அனுமதி வந்தது. ஓஷானசி தந்தி இலாகாவின் தலைவரானார்.

நான்கு மாதம், 800 மைல்

1853 நவம்பரில் வேலை தொடங்கியது. 1854 மார்ச் 24-ந் தேதி கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்குச் சேதி போனது. தூரம் 800 மைல். எடுத்துக்கொண்ட காலம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. அங்கிருந்து பம்பாய்; பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாகச் சென்னை. 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்றானது. 1856-க்குள் ஏறக்குறைய 4,000 மைல் முடிந்தது.

வழியில் பாலமில்லாத ஆறுகள், காடுகள், கரிசல் மண். கிடைத்ததைக் கம்பமாக்கினார்கள். வங்காளத்தில் பனைமரமே கம்பம். தென்னாட்டுப் பாதையில் நெடுந்தூரத்துக்குக் கருங்கல் தூண் நட்டார்கள். கல்லைக் கறையான் தின்னாது அல்லவா?

ஆனால் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. வேகமாக நட்ட மரக்கம்பங்கள் பல இடங்களில் விழுந்தன. மழை நாளில் மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணில் கசிந்தது. அந்தப் பாதைகளைப் பின்னால் வந்தவர்கள் திருத்திப் போட வேண்டியிருந்தது.

பழுதைப் பிடிக்கும் வித்தை

கம்பி நூற்றுக்கணக்கான மைல் ஓடுகிறது. சேதி நின்றுவிட்டது. பழுது எங்கே? முழுப் பாதையையும் நடந்து பார்ப்பதென்றால் வாரங்கள் ஆகும்.

ஓஷானசி தந்தி ஆபீசுகளுக்குக் கொடுத்த கருவி மிக எளியது. ஒரு சிறிய முள். மின்சாரம் வந்தால் வலப்பக்கமோ இடப்பக்கமோ சாயும். அந்தச் சாய்வுகளைச் சேர்த்து எழுத்தாகப் படிப்பார்கள். சேதி சொன்ன அதே முள் நோயையும் சொன்னது.

தந்திக்காரர்கள் பழுதை மூன்று ஜாதியாகப் பிரித்தார்கள். முதலாவது, கம்பி அறுந்துபோவது. அப்பொழுது மின்சாரம் ஓடாது, முள் அசையாது. இரண்டாவது, கம்பி மண்ணையோ ஈரக் கம்பத்தையோ தொட்டுக் கசிவது. அப்பொழுது அனுப்புகிறவர் முள் நன்றாகச் சாயும்; மறு முனை முள் சோம்பிக் கிடக்கும். மூன்றாவது, இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது. ஒருவர் சேதி இன்னொருவர் பாதையில் புகுந்து குழப்பும்.

எந்த ஜாதி என்று தெரிந்த பிறகு இடத்தைத் தேடுவார்கள். நடுவில் உள்ள ஆபீசைக் கூப்பிடுவார்கள். அது பதில் சொன்னால் பாதிப் பாதை நல்லது, பழுது அப்பால். மிச்சப் பாதியிலும் நடு ஆபீசைக் கூப்பிடுவார்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால், பதினாறு ஆபீசு உள்ள பாதையிலும் நாலு கேள்வியில் இடம் அகப்பட்டுவிடும். பிறகு ஆள் அனுப்பினால் போதும்.

இதே வழி இன்று

கம்ப்யூட்டர் இணைப்பு நின்றாலும் இதுவே வழி. வீட்டில் மற்றச் செல்போன்களுக்கு இணைப்பு வருகிறதா? வந்தால் பழுது அந்தக் கம்ப்யூட்டரில். யாருக்கும் வரவில்லையா? ரவுட்டர் பெட்டியைப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? வயர் சரியாகச் சொருகியிருக்கிறதா? இது அறுந்த கம்பி ஜாதி.

வைஃபை வருகிறது, ஆனால் ஆமை வேகமா? பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அங்கே சரியானால், நடுவில் உள்ள சுவர் குறுக்கே நிற்கிறது. இது கசிவு ஜாதி.

ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறதா? ஒரே விலாச எண் இரண்டு கருவிக்குப் போயிருக்கலாம். இது இரண்டு கம்பி தொட்டுக்கொண்ட ஜாதி. கருவிகளையும் ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் புது எண் கிடைக்கும்.

ஆபீசு ஆபீசாகக் கூப்பிடுவதற்கும் ஒரு கருவி உண்டு. பிங் என்பது அதன் பெயர். 1983-ல் அமெரிக்காவில் மைக் மூஸ் என்பவர் எழுதியது. முதலில் ரவுட்டரின் எண்ணைக் கூப்பிட வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 என்று இருக்கும். பதில் வந்தால் வீட்டுக்குள் பழுதில்லை. அடுத்து வெளியூர் எண் ஒன்றை, 8.8.8.8 என்பதை, கூப்பிட வேண்டும். ரவுட்டர் பதில் சொல்லி, வெளியூர் சொல்லாவிட்டால் பெரும்பாலும் கம்பெனிப் பாதையில் கோளாறு. வெளியூர் எண்ணும் பதில் சொல்கிறது, ஆனால் பெயரைப் போட்டால் பக்கம் திறக்கவில்லை என்றால் பாதை நல்லது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் விலாசப் பட்டியலில்தான் கோளாறு.

பழுதே இல்லாமலும் இணைப்பு திணறுவது உண்டு. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான மக்கள் கிரிவலம் வருகிறார்கள். செல்போனில் கோடுகள் நிறைய இருக்கும். சேதி மட்டும் போகாது. ஒரு கோபுரத்தில் அத்தனை பேரும் மொய்த்தால் அது என்ன செய்யும்? கருவியைக் கழற்றிப் பயனில்லை. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். நாலையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரே நேரத்தில் நாலு மருந்து கொடுக்கும் வைத்தியரின் கதைதான்.

தன் குழந்தையை விட்டுக்கொடுத்தார்

ஓஷானசியின் முள் கருவி எளியதுதான், மலிவானதும்கூட. ஆனால் உலகம் மோர்ஸ் முறைக்குப் போய்க்கொண்டிருந்தது. மோர்ஸ் கருவி வேகமானது. சேதியைக் காகித நாடாவில் பதியவும் செய்யும். ஒரு முனை ஒரு பாஷையும், மறு முனை வேறு பாஷையும் பேசினால் கம்பி நல்லதாக இருந்தும் பயனில்லை.

தாம் பெற்ற கருவி என்று ஓஷானசி பிடிவாதம் பிடிக்கவில்லை. மோர்ஸ் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவர அவரே முன்நின்றார். 1857-ஐ ஒட்டி அந்த மாற்றம் நடந்தது. அதற்கு முன், 1856-ல், அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

1857-ல் வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தார்கள். பல இடங்களில் தந்திக் கம்பியை அறுத்தெறிந்தார்கள். காரணமில்லாமல் அல்ல. அந்தக் கம்பி யாருடைய உத்தரவைச் சுமந்து போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அறுபடாத கம்பிகள் வெள்ளையர் ஆட்சிக்குப் பெருந்துணையாக இருந்தன. ஓஷானசி போட்ட பாதை முதலில் ஆள்வோருக்காகப் போட்ட பாதை. அதே தந்தி பிற்காலத்தில் இந்த நாட்டு ஏழையின் வீட்டுக்கும் சேதி கொண்டுவந்தது.

கடைசி நாட்கள்

உடல்நலம் குன்றி, 1860-ஐ ஒட்டி ஓஷானசி இந்தியாவை விட்டுப் போனார். 1861-ல் பெயரையும் மாற்றிக்கொண்டார். புரூக் என்பதையே குடும்பப் பெயராக்கினார். அதன் பிறகு பெரிய ஆராய்ச்சி எதுவும் வெளியாகவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்து, 1889 ஜனவரியில் இங்கிலாந்தில் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார்.

வீணையின் நரம்புக்குத் தமிழில் தந்தி என்று பெயர். அந்தச் சொல்லே கம்பி வழி வரும் சேதிக்கும் பெயராயிற்று. தந்தி வந்தது என்றாலே பிரித்துப் படிக்கும் முன் பெண்கள் அழத் தொடங்கிய காலம் உண்டு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. ஓஷானசி முதல் பாதையைப் போட்டு 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அவருடைய பழைய உப்புத் தண்ணீர் என்னவாயிற்று? அது சாகவில்லை. 1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கலந்து வாயாலேயே குடிக்கக் கொடுத்தார். இறந்துபோவார்கள் என்று எண்ணியவர்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்தார்கள். இன்று குழந்தைக்குப் பேதியானால் தாய்மார்கள் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் அதுதான்.

போனது எது என்று அளந்து, போனதைத் திரும்பக் கொடு என்று 22 வயது இளைஞர் ஒருவர் 1831-ல் கண்ட வழி அது. இரும்புக் கோல்கள் துருப்பிடித்துப் போயின. முள் கருவிகள் பொருட்காட்சிச் சாலைக்குப் போயின. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே கை வைப்பது என்ற டாக்டரின் வழி மட்டும், மருந்துக்கும் கம்பிக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்றும் உதவுகிறது.